சேமிப்புச் சாதனத்தை இடையில் பிடுங்கினால் என் ட்ரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) கேர்னலையே (இயங்குதளத்தின் மையத்தையே) விழுத்துகிறது. 'பிடுங்காதே' என்று பயனருக்குச் சொல்வதைவிட வேறு வழி உண்டா?

இருக்கு. 'பிடுங்காதை' எண்டுறது ட்ரைவர் எழுதுறவன்ர சாட்டு. நானும் கொஞ்சக் காலம் அந்தச் சாட்டுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டனான், அதால உறைப்பாத்தான் எழுதுவன், கோவிக்காதேங்கோ.

நீங்கள் கம்பஸில புரொஜெக்ட் செய்யிற ஆள் அல்லது முதல் வேலையில இருக்கிற ஆள் எண்டு நினைக்கிறன். லினக்ஸ், யூஎஸ்பி, ஒரு பிளொக் டிவைஸ், அதாவது டிஸ்க் மாதிரித் துண்டு துண்டா எழுதி வாசிக்கிற சாதனம். சாதனம் கழண்டா கேர்னல் உங்கட டிஸ்கனெக்ட் ஃபங்சனைக் கூப்பிடும். அதுக்குள்ள மெமறியை விடுவிக்கிற கேஃப்ரீயை அடிச்சு எல்லாத்தையும் கூட்டி அள்ளியிருப்பியள். நானும் அதைத்தான் செய்தனான்.

2022 மார்ச் கடைசி. இலங்கையில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்கள். நான் கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில வீட்டிலயிருந்து வெளிநாட்டு ஆக்களுக்கு ஒரு சேமிப்புப் பெட்டிக்கு ட்ரைவர் எழுதிக்கொண்டிருந்தனான். பெட்டி தனி அடப்டரில ஓடும், யூஎஸ்பி வயர் லப்டொப்புக்கு வரும். கரண்ட் போற நேரம் பெட்டி செத்திடும், லப்டொப் பற்றறியில உயிரோட நிக்கும். ஒருத்தரும் வயரைப் பிடுங்கேல்லை, ஆனா கேர்னலுக்கு அது பிடுங்கினதுதான்.

முதல் தரம் நடந்தபோது திரை அப்பிடியே உறைஞ்சிட்டுது. மவுசும் அசையேல்லை. அம்மா குசினியிலயிருந்து வந்து பாத்திட்டு, "கரண்ட் போனா லைட்டெல்லோ நிக்கோணும்? உன்ரை கொம்பியூட்டருக்குப் பற்றறி இருக்கு, அது ஏன் நிக்குது?" எண்டா. நான் எரிச்சலில "பெட்டி செத்தா அப்பிடித்தான்" எண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்கு யோசிச்சா, அந்த வருசம் என்ரை கோடைப் பற்றி ஆரும் கேட்ட கேள்விகளில திறமானது அதுதான். பெட்டி செத்ததுக்கு லப்டொப் ஏன் சாகோணும்?

விசயம் என்னெண்டா, சாதனம் போறதும், சாதனத்துக்காக நீங்கள் மெமறியில வைச்சிருக்கிற ஸ்ட்ரக்சர் (அதின்ர விபரக் கட்டு) போறதும் ரெண்டு வேற சாவு. பெட்டி போட்டுது, ஆனா அதிலயிருந்த ஃபைல் சிஸ்ரம் இன்னும் மவுண்ட் ஆகி, அதாவது பாவனைக்கு இணைச்சபடிதான் கிடக்கு. டிஸ்கனெக்டில நான் ஸ்ட்ரக்சரை ஃப்ரீ பண்ணீட்டன். பிறகு அன்மவுண்ட் பண்ணேக்க கேர்னல் அந்தப் பழைய பொயின்ரரை, அதாவது மெமறி முகவரியை, பிடிச்சுக்கொண்டு வருது. கேர்னலின்ர மெமறிப் பிழை பிடிக்கிற ஸ்லப் டீபக்கைப் போட்டுவிட்டுப் பாத்தன், பொயின்ரர் இருக்கவேண்டிய இடம் முழுக்க 6பி 6பி 6பி. ஃப்ரீ பண்ணின இடத்துக்குக் கேர்னல் பூசிவிடுற நஞ்சு அந்த இலக்கம். அதைக் கண்டா வேற ஆதாரம் தேட வேண்டாம்.

இரணைமடுக் குளத்தில துருசை, அதாவது மதகை, மூடினவுடன வாய்க்கால் காயிறதில்லை. உள்ளுக்க வந்த தண்ணி கடைசி வயல் மட்டும் போய்த்தான் முடியும். டிஸ்கனெக்ட் எண்டுறது துருசை மூடுற வேலை. வாய்க்காலை அங்கயே இடிச்சுப் போடக்கூடாது.

என்ரை திருத்தின ஒழுங்கு இது. முதல், 'சாதனம் போட்டுது' எண்ட கொடியை லொக் (ஒரு நேரத்தில ஒராளை மட்டும் விடுற பூட்டு) பிடிச்சுப் போடு. அதுக்குப் பிறகு வாற ஒவ்வொரு றிக்குவெஸ்டும் வாசலிலயே பிழையோட திரும்போணும். அடுத்தது, வழியில நிக்கிற யூஆர்பிகளை, அதாவது யூஎஸ்பிக்குக் குடுத்த வேலைச் சீட்டுகளை, யூஎஸ்பி கில் யூஆர்பியால நிப்பாட்டு. அது, வேலை முடிய ஓடுற கம்ப்ளீசன் ஃபங்சன் முடியுமட்டும் காத்து நிக்கும், அந்தக் காத்திருப்புத்தான் எங்களுக்குத் தேவை. அந்தரத்தில தொங்குற றிக்குவெஸ்டுகளைப் பிழை எண்டு முடிச்சுக் குடு. முடிக்காமல் விட்டா எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் டி நிலையில தூங்கும், கட்டாயமாக் கொல்லுற கில் மைனஸ் 9 அடிச்சாலும் எழும்பாது. பிறகு டிஸ்கைச் செத்தது எண்டு அடையாளம் போட்டு, அதைக் கேர்னல் பட்டியலிலயிருந்து எடுக்கிற டெல் ஜென்டிஸ்க், எங்கட பிடியை விடுற புட் டிஸ்க். ஸ்ட்ரக்சரை இங்க தொடாதேங்கோ. கடைசியாப் பிடிச்சுக்கொண்டிருக்கிற ஆள் விடேக்க அது தானாப் போகோணும்: எத்தினை பேர் பிடிச்சிருக்கினம் எண்டு எண்ணுற கேரெஃப், அல்லது புதுக் கேர்னல்களில கடைசியாக் கூப்பிடுபடுற ஃப்ரீ டிஸ்க் கோல்பாக்.

இதை எழுதி முடிச்சு, பெரிய வீரன் மாதிரி கரண்ட் போகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தன். அப்ப ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆங்கில எழுத்து, எங்கட எழுத்துக்கு எத்தினை மணிக்கு வெட்டெண்டு அட்டவணை வந்ததுதானே. போச்சுது. கேர்னல் விழேல்லை. ஆனா டிஸ்கனெக்ட் திரும்பி வரவும் இல்லை. நான் மியூடெக்ஸ் எண்ட லொக்கைப் பிடிச்சுக்கொண்டு, பின்னணி வேலை (வேர்க்) முடியுமட்டும் காத்து நிக்கிற கான்சல் வேர்க் சிங்க் கூப்பிட்டிருக்கிறன். அந்த வேர்க்கோ அதே மியூடெக்ஸுக்குக் காத்து நிக்குது. நீ முதல் போ, இல்லை நீ முதல் போ. அதைக் கண்டுபிடிக்க மூண்டு கரண்ட் வெட்டு எடுத்தது. லொக்கை விட்டிட்டுத்தான் காத்திருக்கோணும், பிடிச்சுக்கொண்டு இல்லை.

இன்னொண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. டிஸ்கனெக்ட் பிந்தித்தான் வரும். அதுக்கு முதலே உங்கட யூஆர்பிகள் புரொட்டகோல் பிழையோட விழத் தொடங்கீடும். நான் ஒவ்வொரு பிழைக்கும் உடன திரும்பி முயற்சி செய்யிற மாதிரி எழுதியிருந்தன், பிழைகளைப் பதியிற ஃபைல் நிரம்பி வழிஞ்சுது. திரும்பி முயற்சிக்கிறதுக்கு ஒரு எல்லை வையுங்கோ. மற்றது, ட்ரைவர் மொடியூலை ஆறெம்மொட் கட்டளையால கழட்டேக்கையும் இதே டிஸ்கனெக்ட்தான் வரும், அப்ப சாதனம் உயிரோட இருக்கும். யூஎஸ்பி நிலை 'நொட் அற்றாச்ட்' எண்டு இருக்கோ எண்டு பாத்து, இல்லாட்டி மிச்சத்தை எழுதி முடிக்க விடுங்கோ.

விண்டோஸ் ஆக்களுக்கும் இதே கதைதான், பேர்தான் வேற. கேட்டுக் கழட்டுறதுக்கு குவெரி ரிமூவ், அதை ட்ரைவர் மறுக்கலாம். கேளாமல் போனா சர்ப்ரைஸ் ரிமூவல், அதை ஆரும் மறுக்கேலாது. இன்னும் முடியாத வேலைகளை எண்ணி வைக்கிறதுக்கு ரிமூவ் லொக்.

எழுதின டேட்டா எல்லாம் தப்புமோ எண்டு கேட்டா, தப்பாது. லினக்ஸில எழுதினது டிஸ்குக்குப் போகாமல் மெமறியில 30 செக்கன் அளவுக்கு 'அழுக்கா'க் கிடக்கலாம், அதுதான் வழமையான அமைப்பு. விண்டோஸ் 2018இல, 1809 பதிப்பிலயிருந்து, வெளிச் சாதனங்களுக்குக் கெதியாக் கழட்டுற கொள்கையை வழமையாக்கினது. எண்டாலும் எழுதிக்கொண்டிருக்கேக்க இழுத்தா போனது போனதுதான். டிஸ்கில எழுதி முடி எண்டு கேக்கிற எஃப்சிங்க் அடிச்ச புரோகிராமுக்குப் பிழையை நேர்மையாச் சொல்லோணும், ட்ரைவரால முடிஞ்சது அவ்வளவுதான்.

கீழ கொமென்ற்றில ஆரோ வந்து 'ரஸ்ட்டில எழுதியிருந்தா இது வராது' எண்டு போடுவினம், தெரியும். ரஸ்ட் எண்டுறது இப்பிடி மெமறிப் பிழையளைத் தடுக்கிற மொழி. 2022 டிசம்பரில 6.1 கேர்னலோட ரஸ்ட் உள்ளுக்க வந்ததும் தெரியும். 6பி கதை வராமல் விட்டிருக்கலாம், சரி. அந்த மியூடெக்ஸ் முடிச்சை ரஸ்ட்டும் அவிழ்க்காது.

உதைச் சொல்லேக்க ஒண்டு ஞாபகம் வருது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பறவாயில்லை. இந்த வேலைக்குப் பிறகு கொழும்பில ஒரு இன்ரவியூவுக்குப் போனனான். ஊர் எது எண்டு கேட்டவர், சொன்னன். "அங்கயெல்லாம் கேர்னல் படிக்க வசதி இருக்கோ?" எண்டார், சிரிச்சுக்கொண்டு. வன்னியில சண்டைக்காலம் சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டு வளந்த ஆக்களின்ர பிள்ளையைப் பாத்துக் கேட்கிற கேள்வியோ? ரிமூவ் லொக் என்னெண்டு அவருக்கே தெரியேல்லை. வேலையும் கிடைக்கேல்லை. அந்தக் காய்ச்சல் இன்னும் ஆறேல்லைதான்.

சரி, உங்கட விசயம். மெமறிப் பிழை கண்டுபிடிக்கிற கேசானையும் ஸ்லப் நஞ்சையும் போட்டுக் கேர்னல் கட்டுங்கோ. ஒரு பக்கம் டிடி கட்டளை எழுதட்டும், ஃபைல் சிஸ்ரம் மவுண்ட் ஆகிக் கிடக்கட்டும், நடுவில பெட்டியின்ர கரண்டை நிப்பாட்டுங்கோ. ஒருக்காத் தப்பினது காணாது, நூறு தரம் செய்யுங்கோ, ஒவ்வொரு தரமும் வேற நேரத்தில. நான் சுவரில இருக்கிற சுவிட்சைப் போட்டுப் போட்டு நிப்பாட்டி, அது தளந்து பொறி பறக்க, அம்மா ஏசிப்போட்டு பரந்தன் சந்தியில சுவிட்ச் வைச்ச எக்ஸ்ரென்சன் கோட் ஒண்டு வாங்கித் தந்தவ. இப்பவும் அதுதான் மேசைக்குக் கீழ கிடக்கு.