டீச்சர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்

அறிவியல் ஆசிரியைகளும், ஆகப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளும்.

பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக என்ன வழி?
*வாசகி, அரியலூர்*

பி.எட். இரண்டு வருடம். பிறகு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள்: 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60 கணக்கும் அறிவியலும் சேர்ந்தது. வேதியியல், விலங்கியல்காரர்கள் சறுக்குவது அந்தக் கணக்கில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குப் புத்தகங்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். வழிகாட்டி நூல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டெட் தேறினாலே வேலை கிடைத்துவிடாது. 2018-ல் வந்த அரசாணை 149-ன்படி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனியாக உண்டு. டெட் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்பது ஒரு ஆறுதல். மேல்நிலை வகுப்பு வேண்டுமென்றால் எம்.எஸ்சி., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும். இன்னொன்று, வேதியியல் மட்டும் எடுத்தால் போதும் என்ற கனவு வேண்டாம். நடுநிலைப் பள்ளியில் தவளையும் நீங்கள்தான், காந்தமும் நீங்கள்தான்.

எங்கள் பள்ளியில் பல பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. ஃபுளோரைடு என்கிறார்கள். நானே சோதித்து ஊராட்சியிடம் சொல்லலாமா?
*அறிவியல் ஆசிரியை, பென்னாகரம் வட்டம்*

சொல்லலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு ஊரறிந்த சங்கதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் பல்லை வைத்துத் தண்ணீரைக் குற்றம் சாட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. நிலையான முன்பற்களின் எனாமல் நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். பதிமூன்று வயதுப் பிள்ளையின் முன்பல் சொல்வது எட்டு, ஒன்பது வருடத்துக்கு முன் குடித்த தண்ணீரின் கதை. இடையில் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் வந்திருக்கலாம். பிள்ளையே வேறு ஊரிலிருந்து வந்திருக்கலாம். எனவே ஒவ்வொருவரும் ஐந்து வயது வரை எந்த ஊரில், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று பெற்றோரைக் கேட்டுக் குறியுங்கள். வகுப்பில் வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். பெற்றோர் சம்மதத்தோடு, தனித்தனியாக, பட்டியலில் பெயர் இல்லாமல்.

எல்லாக் கறையும் ஃபுளோரைடு அல்ல. ஃபுளோரைடு கறை வலப்பல், இடப்பல் இரண்டிலும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்காகச் சுண்ணாம்பு வெள்ளைக் கோடாகவோ பழுப்புத் திட்டாகவோ தெரியும், சுரண்டினால் போகாது. சரியாகத் துலக்காததால் வரும் கறை ஈறு ஓரமாக இருக்கும்.

இனி தண்ணீர். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்புங்கள். தேதி, நேரம், எந்தப் போர், எத்தனை அடி ஆழம் என்று அங்கேயே ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் இரண்டாவது பாட்டிலும் மூன்றாவது பாட்டிலும் மாறிப்போகும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். தண்ணீரை அங்கேயே சோதிக்க உதவும் பல சோதனைப் பெட்டிகளில் ஃபுளோரைடுக்குத் தரும் சாயத்தை, தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் குளோரின் வெளுத்துவிடும். ஃபுளோரைடும் அதே சாயத்தின் நிறத்தைத்தான் குறைக்கிறது என்பதால் அளவு கூடுதலாகக் காட்டிவிடும்.

சாயம் விட்ட தண்ணீரின் நிறத்தைப் பெட்டியோடு வரும் நிற அட்டையுடன் ஒப்பிடும்போது, வெயிலில் பார்க்காமல் நிழலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அட்டை வெளிறியிருந்தால் அந்தப் பெட்டியை நம்பாதீர்கள். பெட்டி தருவது ஒரு சந்தேகம் மட்டுமே. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500-ன்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. ஒரு வார்த்தையை ஊரில் பரப்புங்கள்: காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும்.

அரசுப் பள்ளி ஆசிரியை கிராம சபையில் பேசினால் துறையில் பிரச்சினை வருமா?
*வாசகி, மணப்பாறை*

உங்கள் ஓட்டு அந்த ஊராட்சியில் இருந்தால் நீங்களும் சபையின் உறுப்பினர். அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் (1973) கட்சி அரசியலுக்கும் அரசைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கும் தடை போடுகின்றன. இன்ன போரில் இவ்வளவு ஃபுளோரைடு என்று அறிக்கையை நீட்டுவது இரண்டிலும் சேராது. அதையே மைக் பிடித்து யாரையோ திட்டுவதாக மாற்றினால் வம்பு.

ஓட்டு வேறு ஊரில் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுதான் உங்கள் வாசல். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தீர்மானத்தை அங்கே போட்டு, பெற்றோர் கையால் சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், உங்கள் பாட்டிலுக்கு அதைவிடத் தோதான நாள் கிடைக்காது. மனுவை இரண்டு பிரதி எடுத்து, தலைவரிடம் (தலைவர் இல்லாத இடத்தில் தனி அலுவலரிடம்) கொடுத்து, ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் கலையும் முன்பே பாருங்கள். வாயால் சொன்னது டீ குடிப்பதற்குள் மறந்துபோகும்.

தொட்டியில் குளோரின் சரியாகப் போடுகிறார்களா என்று மாணவர்களை வைத்துப் பார்க்கலாமா?
*வாசகி, திருவாரூர்*

தாராளமாக, ஒரு எச்சரிக்கையோடு. குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டும் ஆர்த்தோடாலிடின் திரவம் நச்சு; அதை நீங்களே விடுங்கள், பிள்ளைகள் நிறத்தை மட்டும் படிக்கட்டும். தொட்டிக்குக் கீழுள்ள குழாய் எப்போதும் நல்ல பிள்ளை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பிடியுங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். சொட்டு விட்டதும் உடனே படியுங்கள். தாமதித்தால் மஞ்சள் கூடி, இல்லாத குளோரினை இருப்பதாகக் காட்டும்.

நிறமே வராவிட்டால் டேங்க் ஆபரேட்டர் மீது பாயாதீர்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில், 30,000 லிட்டர் தொட்டிக்கு அவர் 120 கிராம் பிளீச்சிங் பவுடர் சரியாகவே போட்டிருக்கலாம். மூட்டை வாய் திறந்து ஈரத்தில் கிடந்தால் குளோரின் பறந்துவிடும், மிஞ்சுவது சுண்ணாம்பு. பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டுவதும் தவறு. வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்ட ஆசை. எங்கிருந்து தொடங்க?
*வாசகி, சிவகங்கை*

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1980-லிருந்து நடக்கும் அமைப்பு. 1991-ல் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற அறிவொளி இயக்கத்தில் அதன் தொண்டர்கள் பங்கு பெரிது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்துகாட்ட 2022-ல் தொடங்கிய வானவில் மன்றத்தின் சோதனைகளை அருகிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளியில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்.

முதல் சோதனைக்குச் செம்பருத்தி போதும். ஐந்தாறு பூவின் இதழ்களை ஒரு டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். அன்றே பயன்படுத்துங்கள், மறுநாள் கெட்டுவிடும். உப்பு ஏறிய போர் தண்ணீரில் ஊறவைத்தால் சோதனைக்கு முன்பே சாறு மங்கிப்போய், பிள்ளைகள் முன்னால் கையைப் பிசைய வேண்டிவரும். மழைநீர் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள். கடையில் வாங்கும்போது ஆசிட் பாட்டில் அல்ல என்று லேபிளைப் படித்துவிடுங்கள்.