கடற்கரையிலும் முகத்துவாரத்திலும் நின்று வீச, முதலில் எந்த லூர் வாங்குவது?

சென்னையில் இருக்கிறீர்கள், எட்டடி தூண்டில் ராடும் ரீலும் வாங்கியாகிவிட்டது, கடையில் நூற்றுக்கணக்கில் லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை, தொங்குகிறது, எந்த நிறம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். லூர் மீன் நிற்கும் இடம் வரை போகுமா, மீன் நிற்கும் ஆழத்தில் நீந்துமா? இந்த இரண்டையும் கேட்டாலே கடையில் தொங்குவதில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

முதலில் தூரம். நம் கிழக்குக் கரையில் விடியற்காலையில் பெரும்பாலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அதாவது உங்கள் முதுகுப் பக்கமிருந்து. வெயில் ஏறியதும் கடல்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பிக்கும். காலையில் அழகாகப் பறந்த 12 கிராம் பிளாஸ்டிக் மின்னோ (சின்ன மீன் வடிவ லூர்) மதியம் பாதி வழியிலேயே சுழன்று விழுந்துவிடும். அதனால் திறந்த மணற்கரைக்கு முதல் செலவு மெட்டல் ஜிக், அதாவது முள் மாட்டிய உலோகத் துண்டுதான். 20 முதல் 40 கிராம் வரை இரண்டு மூன்று எடையில் வாங்குங்கள், உங்கள் ராடில் எழுதியிருக்கும் எடையைத் தாண்ட வேண்டாம். உடம்பு சின்னது, கனம் அதிகம், எதிர்காற்றிலும் போகும். மத்தியும் நெத்திலியும் கரையோரம் கூட்டமாக வரும்போது பின்னாலேயே சீலா, பாறை, கட்டா எல்லாம் வரும். இவை ஓடும் இரையைத் துரத்துகிற மீன்கள், மெதுவாகச் சுற்றினால் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கை வலிக்கிற வேகத்தில் சுற்றுங்கள். அளவையும் கவனியுங்கள்: நெத்திலி ஓடும் நாளில் விரல் நீள ஜிக்கை எடுக்கும் மீன், பக்கத்திலேயே போகும் பெரிய லூரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

எண்ணூர்ப் பக்கம் இருப்பதுபோல் தூண்டில் வளைவுக் கற்கள் மேல் நின்று வீசுவதாக இருந்தால் கதை வேறு. அங்கே ஜிக் போட்டால் நேராகக் கல் இடுக்கில் போய் மாட்டும். மிதக்கும் மின்னோ வாங்குங்கள், 9 முதல் 12 சென்டிமீட்டர் போதும். அதன் வாயில் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். தகடு குட்டையாக, கீழ்நோக்கிச் செங்குத்தாக இருந்தால் மேல்மட்டத்திலேயே நீந்தும். நீளமாக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஆழத்துக்குப் போகும். கல்லுக்குக் குட்டைத் தகடு. கல்லில் தட்டியது போலத் தெரிந்தால் சுற்றுவதை நிறுத்துங்கள், லூர் தானாக மேலே வந்துவிடும். நடுநீரில் அப்படியே நிற்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும் ரகமும் கிடைக்கும். அதைப் பெரும்பாலும் நன்னீருக்குத்தான் சரிபார்த்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் கனம், அதில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கொடுவாவுக்கு அந்த மெதுவான ஏற்றம் நன்றாகவே பிடிக்கும்.

கொடுவா என்றதும் முகத்துவாரம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற இடங்களில் வற்றம் தொடங்கி உள்ளேயிருந்து தண்ணீர் கடலுக்கு இழுக்கும்போது இறாலும் மடவைக் குஞ்சும் அதோடு வெளியே வரும். கொடுவா ஓட்டத்தின் நடுவில் நிற்காது. பாலத்தூண் மறைவிலோ மணல்திட்டு சரியும் ஓரத்திலோ நின்றுகொண்டு, வருவதை வாய் திறந்து உறிஞ்சும். இங்கே 3, 4 அங்குல ரப்பர் மீன்தான் என் தேர்வு, வால் துடுப்பு மாதிரி அடிக்கும் ரகம். அதை மாட்டும் ஜிக் ஹெட்டின், அதாவது தலையில் ஈயக் குண்டு வைத்த முள்ளின், எடையில்தான் எல்லாம் இருக்கிறது. ரப்பர் அவ்வப்போது தரையைத் தட்டுவது கையில் தெரிய வேண்டும். தட்டவே இல்லையென்றால் எடை போதாது, கல்லைப் போட்டதுபோல் உட்கார்ந்தால் அதிகம். ஓட்டம் மாற மாற எடையும் மாறும், அதனால் 7, 10, 14 கிராம் மூன்றும் பையில் இருக்கட்டும். மெதுவாகச் சுற்றுங்கள், நிறுத்துங்கள், மறுபடி சுற்றுங்கள். பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் அடிக்கும். ரப்பரின் வால் மட்டும் வட்டமாகக் கடிபட்டு வந்தால் அது பேத்தை மீனின் வேலை, இடத்தை மாற்றிவிடுங்கள். பழவேற்காட்டில் மீனவர்கள் பாடு முறையில் இடம் பிரித்து வலை போடுகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. வலை இருக்கும் பக்கம் வீசாதீர்கள், நிற்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது நிறம். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளி, நீலம், மடவை நிறம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கல் வந்துவிட்டால் தங்க நிறம், பளிச்சென்ற மஞ்சள், அல்லது முழுக் கறுப்பு. கலங்கலில் மீன் கண்ணை மட்டும் நம்புவதில்லை, உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் தண்ணீரின் அதிர்வை உணரும். ஆகவே நிறத்தைவிட வால் பலமாக அடிக்கும் ரப்பரும், உள்ளே குண்டு கலகலக்கும் மின்னோவும் அங்கே அதிகம் உதவும். விடியலில் கல்லோரம் பாறை மீன் மேலே வந்து இரை அடிக்கும் இடம் என்றால், நீர்மட்டத்தில் தண்ணீரைத் தெறிக்கவிட்டு வரும் பாப்பர் ஒன்று வாங்கலாம். மற்றபடி இப்போதைக்கு வேண்டாம்.

தூண்டில் முள்ளைப் பார்க்காமல் எந்த லூரையும் வாங்காதீர்கள். ஏரி மீனுக்குச் செய்த மெல்லிய மும்முள் கடலில் சீக்கிரமே துருப்பிடிக்கும், நல்ல பாறை மீன் ஒன்று இழுத்தால் நிமிர்ந்துவிடும். லூர் கொஞ்சம் மலிவாக இருந்தாலும் பரவாயில்லை, கடலுக்கான தடித்த முள்ளும் வளையமும் வாங்கி மாற்றிவிடுங்கள். சீலா இருக்கும் இடத்தில் லூருக்கு முன்னால் ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி போடுங்கள், இல்லையென்றால் பல் பட்டதும் தூண்டில் நரம்பு அறுந்து போய்விடும். கொடுவாவுக்குக் கம்பி வேண்டாம், லூரின் ஆட்டம் செத்துவிடும். ஆனால் அதன் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், லூருக்கு முன்னால் 40 பவுண்டு லீடர் (தடித்த நரம்புத் துண்டு) கட்டுங்கள்.

முடிந்தால் பிளையரால் எதிர்முள்ளை, அதாவது முள் நுனியில் பின்பக்கமாக நீட்டும் சின்னக் கூரை, அழுத்திவிடுங்கள். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். அப்படியென்றால் நீங்கள் பிடிக்கும் மிகப் பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடும் தாய். எதிர்முள் இல்லாத முள் வாயிலிருந்து ஒரு நொடியில் கழன்றுவிடும். அந்தத் தாய் மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து விட்டுவிடுங்கள், வீட்டுக் குழம்புக்கு நடுத்தரமானது ஒன்று போதும்.