‘பிகாஸ்’ எங்கே உட்கார வேண்டும்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விடுப்புக் கடிதத்தில் ‘ஐ டிட் நாட் கம் டு ஆபீஸ். பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்’ என்று எழுதினேன். மேலாளர் இரண்டாவது வாக்கியத்தைச் சுழித்துவிட்டார். என்ன பிழை? (வாசகி, தேனி)

பதில்: பிழை அந்த முற்றுப்புள்ளியில் இருக்கிறது. பள்ளியில் ‘பிகாஸ்’ என்றால் ‘ஏனென்றால்’ என்று மனப்பாடம் செய்தோம். தமிழில் ‘நான் வரவில்லை. ஏனென்றால் காய்ச்சல்’ என்று இரண்டாக எழுதலாம். ‘பிகாஸ்’ அப்படித் தனியாக நிற்காது. அது ‘ஏனென்றால்’ என்பதைவிட, ‘காய்ச்சல் இருந்ததால்’ என்பதில் வரும் ‘ஆல்’ விகுதிக்குத்தான் நெருக்கம். ‘காய்ச்சல் இருந்ததால்.’ என்று எழுதிப் புள்ளி வைப்பீர்களா? மாட்டீர்கள். அதே காரணம்தான் ஆங்கிலத்திலும்.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் இணைப்பு வினையின் வாலில் ஒட்டும்: பெய்ததால், பெய்தாலும், பெய்தால், பெய்யும்போது. ஆங்கிலத்தில் அதே இணைப்பு அந்தத் துணை வாக்கியத்தின் தலையில் தனிச் சொல்லாக நிற்கும்: பிகாஸ், ஆல்தோ, இஃப், வென். ஆகவே ‘ஐ டிட் நாட் கம் டு ஆபீஸ் பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்’ என்று ஒரே வாக்கியமாக எழுதுங்கள். காரணத்தை முன்னால் வைத்தால் நடுவில் காற்புள்ளி: ‘பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர், ஐ டிட் நாட் கம்.’ ‘ஒய்?’ என்று ஒருவர் கேட்டால் ‘பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்’ என்று மட்டும் பதில் சொல்வது பேச்சில் சரியே.

எதிர்மறை வாக்கியத்துக்குப் பின்னால் ‘பிகாஸ்’ வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஐ டிட் நாட் கோ பிகாஸ் ஹி கால்ட் மீ’ என்பதற்கு இரண்டு பொருள்: அவன் கூப்பிட்டதால் நான் போகவில்லை, அல்லது, போனேன், ஆனால் அவன் கூப்பிட்டான் என்பதற்காக அல்ல. அலுவலகக் கடிதத்தில் இந்தக் குழப்பமே வேண்டாம். காரணத்தை முன்னால் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: ‘ஆல்தோ… பட்’, ‘பிகாஸ்… ஸோ’ என்று சேர்த்து எழுதலாமா? (வாசகர், கரூர்)

பதில்: கூடாது. இரண்டு வாக்கியத்தைக் கட்ட ஒரு முடிச்சு போதும். ‘மழை பெய்தாலும் ஆனால் போனோம்’ என்று நாம் சொல்வதில்லையே. ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட்’ அல்லது ‘இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட்’: ஏதாவது ஒன்று. அழுத்தம் வேண்டுமென்றால் ‘ஆல்தோ’வுடன் ‘ஸ்டில்’ சேர்க்கலாம். அது இணைப்புச் சொல் அல்ல.

கேள்வி: ‘வென் ஐ வில் ரீச் சென்னை, ஐ வில் கால் யூ’ தவறு என்கிறார்கள். எதிர்காலம்தானே? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: நல்ல கேள்வி. ‘சேரும்போது’ என்பதில் உள்ள ‘சேரும்’ எதிர்காலம் போல ஒலிப்பதால் ‘வில்’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ், இஃப் ஆகியவற்றின் பின்னால் நிகழ்காலம் போதும். எதிர்காலத்தை முதன்மை வாக்கியம் சுமக்கும்: ‘வென் ஐ ரீச் சென்னை, ஐ வில் கால் யூ.’ ‘இஃப்’ விஷயத்தில் தமிழே துணைக்கு வருகிறது. ‘நாளை மழை பெய்தால்’ என்பதில் எதிர்காலக் குறி எங்கே இருக்கிறது? ‘பெய்த்’ என்ற இறந்தகால வடிவத்தோடு ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விதிவிலக்கும் உண்டு. ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ சரியான வாக்கியம். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘எப்போது வருவார் என்று தெரியாது.’ ‘-போது’ என்று வந்தால் ‘வில்’ வேண்டாம். ‘எப்போது’ என்று வந்தால் ‘வில்’ வரலாம்.

கேள்வி: ‘வெயிட் அன்டில் ஐ டோன்ட் கம்’ சரியா? (வாசகி, வந்தவாசி)

பதில்: தவறு. ‘நான் வராத வரைக்கும்’ என்ற நம் வழக்கில் உள்ள எதிர்மறை அங்கே நுழைந்துவிட்டது. ‘வெயிட் அன்டில் ஐ கம்’ என்றாலே போதும். ‘அன்லெஸ்’ஸும் அப்படித்தான், ‘இல்லாவிட்டால்’ அதன் உள்ளேயே இருக்கிறது. ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் வாக்கியத்தைச் சிம்பிள், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றச் சொல்கிறார்கள். ‘ஆல்தோ’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ எது எங்கே வரும்? (மாணவியின் தாய், நாமக்கல்)

பதில்: அடுத்து வருவது எழுவாயும் வினையும் உள்ள வாக்கியமா, வெறும் பெயர்ச்சொல்லா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்கியம் என்றால் ‘ஆல்தோ’, ‘பிகாஸ்’; அது காம்ப்ளெக்ஸ். பெயர் என்றால் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘பிகாஸ் ஆஃப்’, அது சிம்பிள். ‘மழை பெய்ததால்’ என்றால் ‘பிகாஸ் இட் ரெய்ன்ட்’. ‘மழையால்’ என்றால் ‘பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்’.

‘ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், ஹி ஒர்க்ட்’ என்பதைச் சிம்பிளாக்க, ‘ஆல்தோ’வையும் அதன் எழுவாய் ‘ஹி’யையும் எடுத்துவிட்டு, ‘வாஸ்’ஸை ‘பீயிங்’ ஆக்குங்கள்: ‘இன் ஸ்பைட் ஆஃப் பீயிங் டயர்ட், ஹி ஒர்க்ட்.’ இரண்டு பக்கமும் எழுவாய் ஒன்றாக இருந்தால்தான் இந்த வழி நேராக வேலை செய்யும். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ இடத்தில் அதே பொருள் தரும் ‘டெஸ்பைட்’ எழுதினால் ‘ஆஃப்’ சேர்க்கக் கூடாது. இதில் மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.