ஆஸ்பெர்கர் என்ற பெயர் எங்கே போனது? ஆட்டிசம் அளவுகோல்கள் பற்றிய கேள்வி பதில்

மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய உதவும் டி.எஸ்.எம். என்ற தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் (டி.எஸ்.எம்.-5), அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஆட்டிசத்தின் அளவுகோலை 2013 மே மாதம் மாற்றியது. ஆஸ்பெர்கர் (பேச்சு தாமதமாகாத, அறிவுத்திறன் குறையாத வகை), பி.டி.டி. நாஸ் (எந்த வகையிலும் முழுதாகப் பொருந்தாதவர்களுக்குத் தந்த பெயர்) போன்ற தனிப் பெயர்களை அன்று ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற ஒரே பெயரில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்ததை மறுபடி பிரிக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எழுந்திருக்கிறது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அமெரிக்காவில் பிள்ளைகளை மதிப்பிடும் வேலையில் இருந்தவள் என்பதால் பலர் எனக்குக் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 2010இல் ஆஸ்பெர்கர் என்று எழுதிக் கொடுத்தார்கள் அக்கா. இப்போது அப்படி ஒரு பெயரே கிடையாதாம். மறுபடி டெஸ்ட் எடுக்கணுமா? (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்)

வேண்டாம்மா. பழைய முறையில் ஆட்டிசம், ஆஸ்பெர்கர், பி.டி.டி. நாஸ் என்று உறுதியாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரையே தரவேண்டும் என்று டி.எஸ்.எம்.-5 புத்தகத்திலேயே குறிப்பு இருக்கிறது. கல்லூரி புதிய ரிப்போர்ட் கேட்டால், இப்போது அவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அதற்காக மட்டும் எடுங்கள்.

உண்மையில் என்ன மாறியது? எளிமையாகச் சொல்லுங்கள் மேடம்.

1994ஆம் வருட டி.எஸ்.எம்.-4இல் சமூக உறவு, பேச்சு, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை என்று மூன்று பிரிவு, மொத்தம் 12 அறிகுறிகள். அதில் 6 இருந்தால் ஆட்டிசம். ஆஸ்பெர்கருக்கும் பி.டி.டி. நாஸுக்கும் தனி வரையறை. புதியதில் முதல் இரண்டு பிரிவும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பிரிவில் உள்ள மூன்றும் இருந்தாக வேண்டும்: பேச்சிலும் உணர்விலும் கொடுக்கல் வாங்கல், கண்ஜாடை முகபாவம், நட்பு உறவு. அடுத்த பிரிவில் நான்கில் இரண்டு. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவது, சட்டை லேபிள் உறுத்தி அழுவது போன்ற புலன் சிக்கல்கள் முதன்முறையாக அளவுகோலுக்குள் வந்தன. பெற்றோர் காலம்காலமாகச் சொல்லிவந்த விஷயம், புத்தகத்துக்கு வர 2013 ஆயிற்று. ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் ஒரே பிள்ளைக்குச் சேர்த்து எழுத முன்பு தடை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

இருந்த பெயர்களை ஏன் எடுத்தார்கள்?

ஒரே பிள்ளை ஓர் ஊரில் ஆஸ்பெர்கர், இன்னோர் ஊரில் பி.டி.டி. நாஸ். இதை நானே பார்த்திருக்கிறேன். ஆட்டிசம் ஆராய்ச்சியாளர் கேத்தரின் லார்ட் குழுவினர் 12 பல்கலைக்கழக மையங்களில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மதிப்பீடுகளை ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். எல்லா மையங்களிலும் ஒரே கருவிகள்தான். ஆனாலும் பிள்ளைக்கு எந்தப் பெயர் கிடைக்கும் என்பதைப் பிள்ளையின் தன்மையைவிட, எந்த மையத்துக்குப் போனது என்பதே அதிகம் தீர்மானித்தது. அந்தப் பெயர்களுக்கு அதன்பின் என்ன மதிப்பு சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1994 புத்தகத்தின் பி.டி.டி. நாஸ் விளக்கத்தில் ஒரு சொல் பிழையாக அச்சேறியது. சமூக உறவில் சிக்கல் இருக்க வேண்டும், கூடவே பேச்சிலோ நடத்தையிலோ ஒரு சிக்கல் இருக்க வேண்டும் என்பதுதான் எழுதியவர்களின் எண்ணம். ‘கூடவே’ வரவேண்டிய இடத்தில் ‘அல்லது’ வந்துவிட்டதால், ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்றாயிற்று. 2000இல்தான் திருத்தினார்கள். இடைப்பட்ட ஆறு வருடம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளைப் பற்றி முடிவெடுத்திருப்போம்! அதனால்தான் அளவுகோலில் ஒரு சொல் மாறினாலும் நான் பதறுகிறேன்.

அப்படியென்றால் நல்ல மாற்றம்தானே? அவ்வளவு எதிர்ப்பு ஏன்?

பயம்தான். நியாயமான பயம். 2012 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் வோல்க்மர் செய்த ஆய்வு நியூயார்க் டைம்ஸில் செய்தியானது. மறுநாளிலிருந்து எங்கள் கிளினிக்கில் போன் ஓயவில்லை. “என் பிள்ளை ஸ்பீச் தெரபியை நிறுத்திடுவாங்களா?” என்ற ஒரே கேள்வி. அந்த வருடம் வெளியான முழு ஆய்வின்படி, பழைய முறையில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 61 சதவீதம் பேர்தான் புதிய அளவுகோலின்படியும் ஆட்டிசம் உள்ளவர்களாகக் கணக்கானார்கள். ஆஸ்பெர்கர்காரர்களில் 25 சதவீதம் பேர் மட்டுமே. சில மாதத்திலேயே லார்டும் சகாக்களும் 4,453 பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து, 91 சதவீதம் பேர் உள்ளேயே இருப்பார்கள் என்றார்கள்.

இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. வோல்க்மர் எடுத்தது டி.எஸ்.எம்.-4 தயாரானபோது சேகரித்த பழைய தகவல். புதிய அளவுகோல் கேட்கும் சில விஷயங்களை அன்று யாரும் முறையாகக் கேட்டு எழுதவில்லை. எழுதாததெல்லாம் ‘இல்லை’ என்று கணக்காகிவிடும் ஆபத்து அதில் உண்டு. லார்டிடம் பெற்றோர் சொன்னதும் நேரில் பார்த்து எழுதியதும் இருந்தன. நான் லார்ட் பக்கம் சாய்கிறேன். ஆனால் வோல்க்மர் அன்று சத்தம் போட்டது நல்லது. பழைய முறையில் கண்டறியப்பட்டவர்களைக் காக்கும் குறிப்பு வேண்டும் என்ற குரலுக்கு அது வலு சேர்த்தது.

நான் 31 வயது இன்ஜினியர். ஆஸ்பெர்கர் என்பது என் அடையாளம். அதை யாரோ ஒரு கமிட்டி எடுத்துக்கொண்டது வலிக்கிறது.

அந்த வலி எனக்குப் புரிகிறது தம்பி. உங்களை நீங்கள் எப்படி அழைத்துக்கொள்வது என்பது உங்கள் உரிமை, கமிட்டியின் கையெழுத்து அங்கே செல்லாது. ஒன்றைமட்டும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நாஜிகள் காலத்து வியன்னாவில், பிள்ளைகள் கொல்லப்பட்ட ஆம் ஷ்பீகல்கிரண்ட் மருத்துவமனைக்கு, அந்தப் பெயருக்கு உரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியதை வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார். அதைப் படித்தபின் பலர் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். பெயர்களை ஒன்றாக்குவதை ஆதரித்தவர்களில் ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்கும் உண்டு. பெரியவர்களும் பெண்களும் விடுபடக்கூடாது என்று வாதாடியவர்கள் அவர்கள். இப்போது தெரியாவிட்டாலும் சின்ன வயதில் இருந்திருந்தால் அறிகுறியைக் கணக்கில் எடுக்கலாம் என்று இன்றைய அளவுகோல் சொல்வது, மறைத்து மறைத்துப் பழகிய பெண்களுக்குப் பெரிய வாசல்.

எண்ணிக்கை குறைந்ததா?

இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 2010இல் 68 பேருக்கு ஒருவர், 2020இல் 36க்கு ஒருவர், 2022இல் 31க்கு ஒருவர். விழிப்புணர்வும் தேடிக் கண்டுபிடிப்பதும் கூடியது இதற்குப் பெரிய காரணம்.

என் மகளுக்கு 17 வயது. பேச்சு இல்லை, இரவில் தூக்கம் இல்லை, ஒரு நிமிஷம் தனியாக விடமுடியாது. டிவியில் பேட்டி கொடுப்பவருக்கும் இவளுக்கும் ஒரே பெயர் என்றால் எங்களை யார் பார்ப்பார்கள்? (ஒரு தந்தை)

உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன் ஐயா. 2021 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, இப்படிப்பட்டவர்களுக்கென ‘ப்ரொஃபவுண்ட் ஆட்டிசம்’ (மிகக் கடுமையான ஆட்டிசம்) என்ற சொல்லை முன்வைத்தது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டியவர்களை அது குறிக்கிறது; பெரும்பாலும் அவர்களுக்குப் பேச்சு மிகக் குறைவாக இருக்கும் அல்லது அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) 50க்குக் கீழே இருக்கும். அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்ற இருவரில் ஒருவர், பெயர்களை ஒன்றாக்கப் பாடுபட்ட அதே கேத்தரின் லார்ட்.

எதிர்ப்பவர்கள் சொல்வதும் லேசானதில்லை. ‘கடுமையானது’ என்று முத்திரை குத்தினால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையே கைவிட்டுவிடுவார்கள் என்கிறார்கள். பேசாத பிள்ளை டேப்லெட்டில் தட்டித் தன் மனத்தைச் சொன்னதை நானும் பார்த்தவள்தான். இருந்தாலும் என் மனம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஆராய்ச்சிகளில் உங்கள் மகள் போன்றவர்களைச் சேர்ப்பது குறைவு. டி.எஸ்.எம்.-5இல் உதவித் தேவையைக் குறிக்கும் மூன்று நிலைகள் உண்டு, ஆனால் யாருக்குச் சேவை என்பதை அவற்றை வைத்து முடிவுசெய்யக்கூடாது என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. இவர்களை எண்ணுவதற்கும் பணம் ஒதுக்குவதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. இதைவிட நல்ல சொல்லை யாராவது கொண்டுவந்தால் அதை ஏற்றுக்கொள்வேன்.

சென்னையில் இருக்கிறோம். அமெரிக்காவில் அளவுகோலை மாற்றினால் எங்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) ஆபத்தா?

நேரடியாக இல்லை. நம் நாட்டில் சான்றிதழுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுவது ‘ஐசா’ என்ற இந்திய அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 70 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஆட்டிசம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்றே பெயர் இருக்கிறது. மதிப்பீட்டுக்குப் போகும்போது பிள்ளையின் பழைய வீடியோக்கள் நான்கைந்து போனில் இருக்கட்டும். அந்த அரைமணி நேரத்தில் பிள்ளை அமைதியாக உட்கார்ந்துவிட்டால், வீட்டில் நடப்பதைக் காட்ட அதுதான் கைகொடுக்கும்.