போம் பிளேன்ல குளோ இன்ஜின் மாட்டலாமா?

சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: 1 மீட்டர் றெக்கை போம் டிரெய்னர் (ரிமோட்ல ஓட்டிப் பழகுற நுரை பிளேன்), 2212 சைஸ் கரண்ட் மோட்டார், 3 செல் லிப்போ பேட்டரில பறக்குது, மாமா வீட்டு ஸ்டோர்ல பழைய 15 சைஸ் குளோ இன்ஜின் (மெத்தனால் எண்ணெய்ல ஓடுற குட்டி இன்ஜின்) ஒன்னு கெடச்சுது, மோட்டார கழட்டிட்டு அத மாட்டிறலாமாண்ணே?

மாட்டலாம் தம்பி, ஆனா அந்த 15 வேணாம், அது 2.5 சிசி, உங்க பிளேனுக்கு ரொம்ப ஓவர், 1.6 சிசி உள்ள 10 இன்ஜினே தாராளம்.

மொத வேலை மூக்குதான். மோட்டார் நைசா சுத்தும், குளோ ஒத்த சிலிண்டர், உதறி எடுத்துரும், அதனால போம் மேல ஒட்டுன அந்த பிளாஸ்டிக் மவுண்ட்ட வெட்டிட்டு 6 மில்லி பிளைவுட் வச்சு 30 நிமிஷ எபோக்சில ஒட்டுங்க, மேல ஒரு கோட் எபோக்சி தடவிருங்க, இல்லன்னா எண்ணெய் ஊறிடும். நான் ஒரு தடவ அவசரப்பட்டு 5 நிமிஷ பசைய போட்டேன், திடல்ல ரெண்டாவது ரவுண்டுலயே இன்ஜின் மட்டும் தனியா செம்பனைக்குள்ள போயிருச்சு, தேடி எடுத்துப் பாத்தா பிளைவுட்ல பசை பல்லி முட்டை கணக்கா உருண்டு நிக்குது.

நெறைய பேரு மறக்குறது கரண்ட். ஈஎஸ்சிய (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) கழட்டுனா ரிமோட் சிக்னல் வாங்குற ரிசீவருக்கும், மடல்கள ஆட்டுற சர்வோவுக்கும் கரண்ட் இல்ல, தனியா 4.8 வோல்ட் பேட்டரி வைக்கணும், இன்ஜின் வேகத்த மாத்துற திராட்டலுக்கு இன்னொரு சர்வோவும் வேணும். டேங்க் 60 சிசி போதும், அதோட நடு மட்டம், எண்ணெய் அளவ திருகி வைக்கிற நீடில் வால்வுக்கு நேரா இல்ல ஒரு பொட்டு கீழ இருக்கட்டும், சுத்தி ஸ்பான்ஜ் வைங்க, ஆட்டத்துல எண்ணெய் நொரச்சா இன்ஜின் திக்கும். லிப்போ எடை மாறாது, எண்ணெய் தீரத் தீர மூக்கு லேசாயிரும், அதனால சிஜிய (பிளேனோட எடை மையம்) காலி டேங்க்ல பாருங்க.

எலக்ட்ரிக் புரொப்பெல்லர இதுல போடவே கூடாது, தெறிச்சிரும். குளோவுக்குன்னே உள்ள 7க்கு 4 (7 இன்ச் நீளம், 4 இன்ச் பிட்ச்) வாங்குங்க, ஸ்டார்ட் பண்ண வெரல நீட்டாதீங்க, குச்சி வச்சு தட்டுங்க. ஸ்டார்ட் பண்ண சூடாக்குற குளோ பிளக்குக்கு 1.5 வோல்ட்தான், 12 வோல்ட் குடுத்தா கம்பி அப்பவே போயிரும்.

இன்ஜினுக்கு ஊத்துற எண்ணெய், மெத்தனால், நைட்ரோ, விளக்கெண்ணெய் இல்லாட்டி சிந்தெடிக் எண்ணெய் கலந்தது. நம்மூர்ல செம்பனை எண்ணெய்க்கு பஞ்சமில்லன்னு அத ஊத்திப் பாக்காதீங்க, மெத்தனால்ல கரையாம தனியா நிக்கும், செடி கொடி எண்ணெய்ல விளக்கெண்ணெய்தான் நல்லா கரையும். மூடிய டைட்டா வைங்க, நம்ம மழ காத்துல மெத்தனால் ஈரத்த இழுத்துக்கும். பகல்ல அதோட நெருப்பு கண்ணுக்கே தெரியாது, விஷம் வேற, பிள்ளைங்க கை எட்டாத எடத்துல வைங்க.

மாமாவோட 15ஐ வித்துராதீங்க, இறுகிக் கெடந்தா முறுக்காம ஹேர் டிரையர்ல சூடு காட்டுங்க, உள்ள காஞ்ச விளக்கெண்ணெய் எளகிரும், பின்னால ஒரு பால்சா பிளேன் கட்டும்போது ஆகும்.