ஆணியைப் பார்த்து வாங்குங்க: பேனாக்கத்திக் கேள்விகள்

முப்பது வருஷம் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவன் என்பதால் கத்தியைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளில், பலருக்கும் பயன்படும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: மடக்குக் கத்தி சேர்க்க ஆசை. கையில் இருப்பது ரெண்டாயிரம் ரூபாய். எதில் ஆரம்பிக்கலாம்?

ரெண்டாயிரத்தையும் ஒரே கத்தியில் கொட்டாதீர்கள். முதலில் விதை, உரம் விற்கும் கடைக்குப் போய் ஒட்டுக்கட்டும் கத்தி கேளுங்கள். மா, கொய்யாவுக்கு ஒட்டுக்கட்டுகிறவர்கள் வைத்திருப்பது. மரப்பிடி, உள்ளே பித்தளைத் தகடு, சிலவற்றில் பட்டையைக் கிளப்ப நாக்கு மாதிரி ஒரு துண்டும் இருக்கும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அலகைப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் சரித்திருப்பார்கள், வெட்டு தட்டையாக விழவேண்டும் என்று. நீங்கள் இடதுகைக்காரர் என்றால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் மலிவு மட்டுமில்லை. பத்தாயிரம் ரூபாய் கத்திக்கும் இதற்கும் உள்ளே இருக்கும் வேலை ஒன்றுதான்: ஓர் அலகு, அது திரும்ப ஓர் ஆணி, அதை இழுத்துப் பிடிக்க முதுகில் ஒரு வில் (ஸ்பிரிங்). புதிதாக வருகிற எல்லோரும் அலகைத்தான் பார்க்கிறார்கள். அலகு மங்கினால் தீட்டிக்கொள்ளலாம். ஆணி தளர்ந்த கத்தியை, வில் செத்த கத்தியை வீட்டில் சரிசெய்வது கஷ்டம்.

கடையில் நிற்கும்போது மெதுவாகத் திறந்து பாருங்கள். பாதி வழியில் விரல் நகத்துக்கு ஒரு இழுப்பு தெரியவேண்டும், கடைசியில் 'டக்' என்று உட்காரவேண்டும். சத்தமே இல்லாமல் சொதசொத என்று திறந்தால் வைத்துவிடுங்கள். திறந்தபிறகு அலகின் நுனியைப் பிடித்து இடம் வலம் அசையுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. மூடிவிட்டு மேலிருந்து பாருங்கள். அலகு நடுவில் நிற்கவேண்டும், பக்கத் தகட்டில் உரசக்கூடாது. கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். பரவாயில்லை, நானும் சுளித்திருக்கிறேன்.

அடுத்த கத்திக்குக் காசு சேர்ந்ததும் பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல் எட்டாம் நம்பர். 1890 முதல் செய்கிறார்கள், அலகு எட்டரை சென்டிமீட்டர். அதற்கப்புறம் சின்னதாக ஒரு சுவிஸ் கத்தி. அலை அலையாகக் கோடு போட்டு 'டமாஸ்கஸ்' (எஃகை அடுக்கடுக்காக அடித்துச் சேர்த்தது) என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பலவும் அமிலத்திலோ லேசரிலோ வரைந்த கோலம். வேண்டாம்.

அவனியாபுரம், ஆட்டோ ஓட்டுநர்: பையில் பேனாக்கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பது, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றுக்கு. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவை சேராது. பேனாக்கத்தி அதில் பாதிகூட வராது.

ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியை நிறுத்துகிறவர் கையில் விதிப்புத்தகம் இருக்காது. நம்ம ஊரில் கத்தி என்றாலே வேறு படம் ஓடும். இடுப்பில் செருகாதீர்கள், டூல் பெட்டியில் ஸ்பேனரோடு போட்டு வையுங்கள். கூட்டத்துக்கும் திருவிழாவுக்கும் எடுத்துப்போகவே வேண்டாம். மீனாட்சியம்மன் கோயிலில் செல்போனையே வெளியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பட்டனை அமுக்கினால் பாய்கிற கத்தியை நான் சேர்ப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு 'பழம் வெட்ட' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மேலூர், இல்லத்தரசி: ஆயுத பூஜைக்கு எல்லாக் கத்திக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மறுநாள் துடைத்தால் அலகில் பொட்டு பொட்டாக அச்சு. போகுமா?

சந்தனத்தைத் தண்ணீரில்தானே குழைக்கிறோம். ஈரம் ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கார்பன் எஃகு சும்மா விடாது. செந்நிறமாக, விரலில் தூளாக ஒட்டினால் துரு: தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மழுங்கிய பித்தளைத் தகடால் சுரண்டி எடுங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அது வெறும் கறை, விட்டுவிடுங்கள். மாங்காயும் எலுமிச்சையும் வெட்டினால் அலகு கறுக்குமே, அதே வகை. அந்தக் கறுப்பு பழகிய கத்திக்கு ஒரு சட்டை. செந்துருவைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். என் ஒப்பினெல்லில் ஒரு கோடைக்கால மாங்காய் முழுக்க எழுதியிருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லி வீட்டில் எவ்வளவோ சொல்லியும் நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பிடியில் பொட்டு வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

எண்ணெயில் ஒரு விஷயம்: ஆணிப்பக்கம் நல்லெண்ணெய் விடாதீர்கள். அது நாளாக ஆகக் காற்றுப்பட்டுப் பிசினாகும், திறக்கவே வராது. பழம் வெட்டும் அலகுக்குத் தேங்காயெண்ணெய் மெலிசாகப் பூசலாம். ஆணிக்கு மிஷின் எண்ணெய்தான்.

சோழவந்தான், விவசாயி: தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் வெள்ளைப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தது. ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு என்று எழுத்து, பக்கத்தில் நட்சத்திரமும் சிலுவையும். விலை போகுமா?

விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த வெள்ளைப் பிடியைப் பாருங்கள். பிடியின் கடைக்கோடியை, வெட்டு முகம் தெரிகிற இடத்தை, லென்ஸ் வைத்துப் பாருங்கள். கரும்புள்ளிகளாகவும் சின்னச் சின்னக் கீறல்களாகவும் இருந்தால் மாட்டு எலும்பு. ஒன்றை ஒன்று குறுக்காக வெட்டும் மெல்லிய வளைகோடுகள், வலைபோட்ட மாதிரி தெரிந்தால் யானைத் தந்தம். தந்தம் என்றால் விற்கிற பேச்சே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தந்த வியாபாரத்துக்கு இடமில்லை. 'தாத்தா காலத்துது' என்பது பதில் ஆகாது. சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல், வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடமான் கொம்புப் பிடிக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடமான் கொம்புதான் கப்பலேறிப்போய் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக்குப் பிடியாகத் திரும்பி வந்தது.

எலும்பு என்றால் நிம்மதியாக மேலே படியுங்கள். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை. கூடவே கிரீடத்துக்கு இருபுறமும் வி, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா ராணி பெயர். அவர் 1901இல் காலமானார். ஜி, ஆர் என்றால் ஜார்ஜ் மன்னர்கள் காலம், நம் வீடுகளில் கிடைப்பதில் இதுதான் அதிகம். ஆனால் அந்தக் கம்பெனிக்கு இருந்த பேருக்கு அந்த முத்திரையைக் கள்ளத்தனமாக அடித்தவர்களும் ஏராளம். முத்திரை குத்த ஒரு அச்சு போதும். வில்லைச் செய்யத்தான் கை வேண்டும். எண்பது, நூறு வருஷம் கழித்தும் 'டக்' என்று உட்காருகிறதா, முதுகுப்பக்கம் வில்லும் தகடும் விரலுக்குத் தட்டாமல் ஒரே சமமாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, தாத்தா தீட்டித் தீட்டி அலகைக் கரைத்திருப்பார். நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்திலிருந்து கூர் வரைக்கும் எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்பதில்தான் பாதி விலை. ஆனால் என்னைக் கேட்டால், கரைந்த அலகுதான் தாத்தா. விற்காதீர்கள்.

தல்லாகுளம், ஓய்வுபெற்ற ஆசிரியை: பேனாக்கத்தி என்பதே வெள்ளைக்காரன் சரக்குத்தானே? நமக்கென்று மடக்குக் கத்தி உண்டா?

பெயர் அவன் தந்ததுதான். இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி, அதனால் பேனாக்கத்தி. ஆனால் டீச்சர், நம் எழுத்துக்கும் ஒரு கத்தி தேவைப்பட்டதே! பனை ஓலையை ஓரம் நறுக்கி அளவாக்காமல் எழுத முடியாது. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை சொல்வார்கள். இந்த மடக்கெழுத்தாணியில் பிடிக்கு ஒரு கோடியில் எழுதும் ஊசி, மறுகோடியில் ஓலை நறுக்கும் சின்னக் கத்தி. இரண்டும் மடங்கிப் பிடிக்குள் போய்விடும், மடியில் செருகிக்கொள்ளலாம். எழுதும் கருவிக்குப் பக்கத்தில் மடங்கும் ஒரு கத்தி: அங்கே இறகுக்கு, இங்கே ஓலைக்கு.

பழைய மடக்கெழுத்தாணி இப்போது மலிவாகக் கிடைக்காது. பித்தளையில் புதிதாகச் செய்து பழசு மாதிரி ஆக்கி விற்பவை உண்டு. ஆணித் தலையைப் பாருங்கள். பழையதில் சுத்தியலால் அடித்துப் பரப்பிய தடம் தெரியும். அச்செடுத்த மாதிரி வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையிலேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் அது தொல்பொருள், வெளிநாட்டுப் பேரனுக்கு அனுப்ப முடியாது. அதே 1972ஆம் ஆண்டில் வந்த இன்னொரு சட்டம், தொல்பொருள்கள் சட்டம், அதைத் தடுக்கிறது.

காசு குறைவு என்றால் பாக்குவெட்டி சேருங்கள். மடக்குக் கத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. இரண்டு கை, நடுவில் ஒரே ஆணி. கிளி, மயில், குதிரை என்று விதவிதமாக வரும், பழைய பாத்திரக் கடைகளில் சில சமயம் எடைக்கே போடுவார்கள். போலீஸ்காரரும் ஒன்றும் கேட்கமாட்டார்.

மானாமதுரை, மெக்கானிக்: திருப்பாச்சேத்தி அரிவாள் செய்கிறவர்களிடம் ஒரு மடக்குக் கத்தி செய்யச் சொல்லலாமா?

அலகை அற்புதமாகச் செய்து தருவார்கள். லாரிப் பட்டையை, அதாவது வில் எஃகை, தலைமுறையாக அடித்துப் பழகிய கை. மடக்குக் கத்தி வேறு தொழில். நானே ஒரு பட்டறையில் (ஊர் பேர் வேண்டாம்) சொல்லிச் செய்து வாங்கினேன். அலகு முடி சிரைக்கும். மூன்றாம் நாள் வாழைப்பழம் வெட்டத் திறந்தேன், 'பட்' என்று வில் இரண்டு துண்டு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் துவைச்சல் ஏற்றினவர், அதாவது எஃகைக் கடினமாக்கினவர், திரும்ப மிதமாகச் சுட்டுப் பதம் இறக்கவில்லை. துவைத்த மாத்திரத்தில் எஃகு கண்ணாடி மாதிரி. அரிவாளில் கூர்ப்பக்கம் மட்டும் துவைந்தால் போதும், முதுகு தாங்கிக்கொள்ளும். ஒரு சாண்கூட இல்லாத வில்லுக்கு ஒளிய இடமில்லை.

அதனால் வில்லே இல்லாத கத்தியைச் செய்யச் சொல்லுங்கள். ஜப்பானில் மிகி என்ற ஊரில் ஹிகோனோகாமி என்று ஒன்று செய்கிறார்கள். மடித்த தகடுதான் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, அவ்வளவுதான். அலகின் பின்னால் சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். திறந்ததும் அதைக் கட்டைவிரல் அமுக்கிப் பிடிக்கும். ஆணி இறுக்கம்தான் பூட்டு. ஒரு படம் வரைந்து காட்டினால் நம் ஆசாரிகள் அரை நாளில் முடிப்பார்கள். நீங்கள் மெக்கானிக், ஆணி இறுக்கத்தை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

பழங்காநத்தம், தனியார் ஊழியர்: கொடைக்கானல் மழையில் நனைந்த ஒப்பினெல் திறக்கவே மாட்டேன் என்கிறது.

பீச் மரப்பிடி தண்ணீர் குடித்து அலகை நெரிக்கிறது. குறடு போடாதீர்கள். அலகைப் பூட்டுவதற்கென்று 1955இல் வந்த சுழலும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிக்கோடியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள், அலகு எட்டிப் பார்க்கும். அந்தக் கத்தி பிறந்த பிரான்ஸ் ஊர்க்காரர்களே அப்படித்தான் திறப்பார்கள். பிறகு நிழலில் மூன்று நாள். நம்ம ஊர்ச் சித்திரை மாதம் என்றால் ஒரு மத்தியானம் போதும்.

செல்லூர்: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அருவாமனைக்குக் கொடுங்கள். பேனாக்கத்தியை வேண்டாம். காய்ந்த சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடேறும். கூர் ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்துப் பதம் போயிற்று, எத்தனை தீட்டினாலும் நிற்காது. ஆயிரம் நம்பர் தண்ணீர்க்கல் (தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கல்) ஒன்று வாங்குங்கள். அலகு 15 மி.மீ. அகலம் என்றால் முதுகை 5 மி.மீ. தூக்கிப் பிடியுங்கள், ஏறக்குறைய 20 டிகிரி வரும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னாக இருபது இழுப்பு.

உசிலம்பட்டி: டின்னில் போட்டு வைத்த ஆறு கத்தியும் துருப்பிடிக்கிறது. எண்ணெயும் போடுகிறேன். ஏன்?

தோல் உறையோடு வைத்திருந்தால் முதலில் உறையைக் கழற்றுங்கள். தோல் ஈரம் பிடிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். அதுவும் இல்லை என்றால் டின்னுக்குள் ஒரு திருடன் இருக்கிறான். பழைய கத்திகளில் ஆமையோடு மாதிரியோ முத்து மாதிரியோ பளபளக்கும் பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். அது கற்பூரம் கலந்து செய்வது. நல்ல நிலையில் இருந்தால் பெருவிரலால் சூடுபறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூரம் மணக்கும். கெட ஆரம்பித்துவிட்டால் கற்பூரம் போய் மூக்கில் ஏறும் அமில நெடி வரும், அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் எஃகை எல்லாம் தின்னும்.

எனக்கும் நடந்தது. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்புப் பிடிக் கத்தி ஒன்று, ஒரே மழைக்காலத்தில் பிஸ்கட் டின்னில் இருந்த ஐந்து கத்திகளைக் கெடுத்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை. எளிதில் தீப்பற்றும் சாமான் என்பதால் பூஜை அறைப் பக்கமும் வைக்க முடியாது. இப்போது மாடிப்படி மாடத்தில் தனியாக, காற்றாடக் கிடக்கிறது.