டெஸ்ட்ல 'இல்ல'ன்னு வந்தா நம்பிறாதீங்க

கேள்வி: டாக்டரக்கா, நாங்க பாம்பன். எம் மகனுக்கு 7 வயசு. ரெண்டு வயசுக்குள்ள மூணு தடவ நிமோனியா வந்து, கடைசியில ரத்தத்துல ஆன்டிபாடியே (கிருமிய எதிர்க்குற புரதம்) இல்ல, பொறவியிலேயே வர்ற புரூட்டன் வியாதின்னு சொன்னாங்க. 4 வாரத்துக்கு ஒரு தடவ மதுரையில மருந்து வாங்கி, ஐஸ் பெட்டியில வச்சு ராமநாதபுரம் கொண்டாந்து ஏத்துறோம். போன ஐப்பசி மழையில காய்ச்சல் வந்து ஆறாவது நாள் டெங்குக்கு ரத்தம் குடுத்தோம், இல்லன்னு வந்துச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மறுநாளே புள்ள துவண்டு போயி அட்மிட் பண்ணோம். அவங்கப்பா கடலுக்குப் போயிருவாரு, இனி காய்ச்சல் வந்தா நான் என்ன செய்யணும்? வைரஸுக்கு மருந்தே கெடையாதுங்குறாங்களே? சின்னவளுக்கு 4 மாசம், போலியோ சொட்டு குடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த டெங்கு டெஸ்ட்ட பேசிடுறேன், மனசு அதுலயேதான் நிக்குது. நாள் கடந்து வர்ற காய்ச்சலுக்கு பெரும்பாலும் பாக்குறது ஐஜிஎம், ஐஜிஜி டெஸ்ட். கிருமி உள்ள வந்ததும் நம்ம ஒடம்பு செய்யுற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு தேடுற டெஸ்ட் அது. உங்க மகன் ஒடம்பு ஆன்டிபாடியே செய்யாதே, அப்புறம் எப்படி பாசிட்டிவ் வரும்? டெங்கு இருந்தாலும் இல்லன்னுதான் காட்டும். ஐஜிஜி பாசிட்டிவ்னு வந்தாலும் நம்ப முடியாது, நீங்க ஏத்துற மருந்து ஆயிரக்கணக்கான பேர் குடுத்த பிளாஸ்மாவுலேருந்து (ரத்தத்தோட நீர்ப்பகுதி) எடுக்குறது, அவங்க ஆன்டிபாடி இவன் ரத்தத்துல தெரியும். அதனால கிருமியவே நேரா தேடுற டெஸ்ட்தான் இவனுக்கு வேணும், டெங்குக்கு மொத 5 நாளுக்குள்ள என்எஸ்1, இல்லன்னா பிசிஆர். டெங்குன்னு இல்ல, மஞ்சக்காமாலை வைரஸ், கொரோனா எல்லாத்துக்கும் இதே கததான். ஒரு சீட்டுல 'இவனுக்கு ஆன்டிபாடி உற்பத்தி இல்ல, ஆன்டிபாடி டெஸ்ட் செல்லாது'ன்னு உங்க டாக்டர்ட்ட எழுதி வாங்கி பர்ஸுலயே வச்சுக்கங்க, நைட்டு டூட்டி டாக்டர் புதுசா இருந்தாலும் நீங்க விளக்கிக்கிட்டு நிக்க வேணாம்.

மருந்தே இல்லங்குறது பாதிதான் உண்மை. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் இருக்கு, 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும், அதனால இவன் விஷயத்துல ரெண்டு நாள் பாப்போம்னு ஒக்காராதீங்க. அம்மை கொப்புளம் கெளம்புனா அசைக்ளோவிர், அதுவும் மொத நாளே. வேப்பிலை கட்டுங்க, கும்பிடுங்க, நான் வேணாங்கல, மாத்திரையும் சேத்து குடுங்க. டெங்குவுக்குத்தான் தனி மருந்து இல்ல, பாராசிட்டமாலும் தண்ணிச்சத்தும் தெனம் ரத்த எண்ணிக்கையும்தான். காய்ச்சல்னா ஆஸ்பிரின், புரூஃபென் ரெண்டும் கிட்டயே வேணாம். ஆன்டிபயாட்டிக் வைரஸ ஒண்ணும் செய்யாது, ஆனா இவனுக்கு சளி புடிச்சா பின்னாடியே பாக்டீரியா நெஞ்சுலயும் காதுலயும் ஏறிக்கும், அதனால டாக்டர் மத்த புள்ளைங்கள விட சீக்கிரமா குடுத்தா பயப்படாதீங்க.

இந்த வியாதி உள்ள புள்ளைங்க விஷயத்துல நான் ரொம்ப பயப்படுறது என்டெரோவைரஸ். வயித்து வழியா போறது, ஆன்டிபாடி இல்லாதவங்களுக்கு மூளையில தங்கிரும், காய்ச்சலே இல்லாம மெதுவா வேலை செய்யும். நடையில தடுமாற்றம், காது மந்தம், எழுதத் தெரிஞ்ச புள்ள எழுத முடியாம நிக்குறது, இப்படி எதாச்சும் கண்டா ஸ்கூல்ல கவனமில்லன்னு திட்டாம உடனே கூட்டிட்டுப் போங்க, முதுகுத்தண்டு நீர எடுத்து பிசிஆர் பாக்கணும். ஊத்துத் தண்ணியோ லாரி தண்ணியோ கொதிக்க வச்சுத்தான் இவனுக்கு. கை கழுவ சோப்புதான், வயித்துப்போக்கு வைரஸுக்கு கையில தடவுற சானிடைசர் ஜெல்லு சரியா கேக்காது.

இதுக்கெல்லாம் மேல நாலு வாரத்து டோஸ். ஏத்துன ஆன்டிபாடி சுமாரா மூணு வாரத்துல பாதியா கொறஞ்சிரும். மீன்பிடி தடைக்காலம் 61 நாள் கையில காசு ஓடாது, தெரியும், ஆனாலும் அந்த டோஸ தள்ளாதீங்க, முன்னாடியே ஆஸ்பத்திரியில சொல்லி காப்பீட்டு அட்டைக்கு வழி இருக்கான்னு கேளுங்க. அப்புறம் அந்த ஐஸ் பெட்டி! மீன அடுக்குற மாதிரி மருந்த ஐஸுக்குள்ள பொதைக்காதீங்க தங்கச்சி, 2லேருந்து 8 டிகிரிதான் வேணும், உறைஞ்சா வீணாயிரும், அப்படி உறைஞ்சத ஏத்தவும் கூடாது. டப்பாவ துணியில சுத்தி ஐஸ் படாம வைங்க.

சின்னவளுக்கு சொட்டு வேணாம். அதுல இருக்குறது வலுவிழக்க வச்ச உயிருள்ள வைரஸ், அவ மலத்துல வாரக்கணக்குல வெளிய வரும், அண்ணனுக்குத் தொத்துனா அவன் கொடல்லயே தங்கி, கை கால முடக்குற வகையா மாறலாம். அவளுக்கு போலியோ ஊசி போடணும், அட்டையில எத்தன ஊசி ஆச்சுன்னு பாத்து மிச்சத்த முடிச்சுருங்க. முகாம் அன்னைக்கு வீட்டுக்கு வர்ற நர்ஸம்மாட்ட காரணத்த சொல்லுங்க. மகனுக்கும் சொட்டு கூடவே கூடாது. நீங்களும் அவங்கப்பாவும் வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ளூ ஊசி போட்டுக்கங்க, மழைக்கு முன்னாடியே.